இமையைத் திருப்பிப் பாருங்கள், பிறகு மருந்து எழுதுங்கள்: ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பள்ளிக் கல்வித் துறைக்கும், மருத்துவர்களுக்கும், மருந்துக்கடைக்காரர்களுக்கும் கண் ஒவ்வாமையால் அவதிப்படும் பிள்ளைகளின் பெற்றோர் வைக்கும் கோரிக்கைகள்.

கண் சிவந்தாலே ‘மெட்ராஸ் ஐ’ என்று முடிவு கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். மெட்ராஸ் ஐ வைரஸால் தொற்றுவது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே ஆறிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது வெர்னல் கண் ஒவ்வாமை. சிறுவர்களையே அதிகம் பிடிக்கும், வெயில் காலத்தில் கூடும், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். யாருக்கும் ஒட்டாது. ஆகவே இந்தப் பிள்ளைகளைத் தொற்று என்று வகுப்பை விட்டு அனுப்பாதீர்கள்.

அடையாளங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. பிள்ளை புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். பீளை நூல் நூலாக இழுபடும். மேல் இமையைத் திருப்பினால் உட்புறம் கூழாங்கல் பரப்பியதுபோல் மேடு மேடாகத் தெரியும். கருவிழியின் விளிம்பில் தடிப்பும் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கலாம். இமையைத் திருப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் எந்தப் பிள்ளைக்கும் சீட்டு எழுதக் கூடாது.

அரிப்பைவிட வலி மிகுந்து, வெளிச்சம் பட்டாலே கூசி, பார்வை மங்கி, கருவிழியைச் சுற்றிச் சிவப்பு வளையம் கட்டினால் அது கண்ணின் உள்ளே அழற்சியாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளை அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தலையாய கோரிக்கை ஸ்டீராய்டு சொட்டு மருந்து பற்றியது. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் சொட்டுகளைச் சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் காலிப் பெட்டியைக் காட்டினால் போதும், மெடிக்கலில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அரிப்பு சட்டென்று அடங்குவதால் வீட்டில் மாதக்கணக்கில் ஊற்றுகிறார்கள். அதனால் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கிறது; கண்ணில் புரையும் விழலாம். புரை விழுந்தால் அறுவை செய்யலாம். கெட்ட பார்வை நரம்பை மீட்கவே முடியாது. சீட்டில்லா விற்பனைக்குக் கடை உரிமத்தை நிறுத்துங்கள். எத்தனை நாள் ஊற்ற வேண்டும், எப்போது அழுத்தம் அளக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே தமிழில் எழுதுங்கள். ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் சைக்ளோஸ்போரின் சொட்டு எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

பள்ளிக் கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையோடு நின்றுவிடாமல், கண் தேய்க்கும் பிள்ளைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். விடாமல் தேய்த்தால் கருவிழி கூம்புபோல் புடைக்கும் அபாயம் உண்டு.

மருந்துக்கடை அண்ணன்மார்களே, அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். சீட்டில்லாமல் வருபவரை இன்றே கண் மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள்.