அந்த இரண்டு சதவீதம் யாருக்கு?

'கார்டு மூலம் பணம் செலுத்தினால் 2% கூடுதல்'. கைப்பேசி, நகை, வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் கடைகளில் இப்படியோர் அறிவிப்பைப் பலரும் கண்டிருக்கக் கூடும். அறிவிப்பு இல்லாத இடங்களில் ஊழியர் வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறார். நாமும் அரசு விதித்த வரியைப்போல எண்ணிச் செலுத்திவிடுகிறோம்.

அது வரி அன்று. அட்டையைக் கருவியில் செருகும்போது கடைக்காரருக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்வதில்லை. 'எம்டிஆர்' எனப்படும் சேவைக் கட்டணம் பிடித்தம் செய்யப்படுகிறது. அட்டை வழங்கிய வங்கி, கடைக்குக் கருவி தந்த வங்கி, விசா, ரூபே போன்ற இணைப்பு நிறுவனம் ஆகிய மூவருக்கும் அதில் பங்குண்டு. பெரும்பங்கு அட்டை வழங்கிய வங்கிக்கே.

பற்று அட்டைகளுக்கு இக்கட்டணத்தின் உச்சவரம்பை ரிசர்வ் வங்கி நிர்ணயித்துள்ளது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சம் வரை உள்ள வணிகருக்கு 0.40%, அதற்கு மேற்பட்டோருக்கு 0.90%. இந்தக் கட்டணத்தை வணிகர்கள் வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை கூறுகிறது. ரூபே பற்று அட்டைக்கும் யுபிஐ-க்கும் 2020 ஜனவரி 1 முதல் கட்டணமே கிடையாது.

அண்மையில் ரூ.20,000 விலையுள்ள சலவை இயந்திரம் வாங்கச் சென்ற கடையில் எனது ரூபே பற்று அட்டையை நீட்டினேன். ரூ.400 கூடுதல் கேட்டார்கள். "எல்லா கார்டுக்கும் ஒரே ரேட்தான் சார்" என்றார் காசாளர். வேறு நிறுவனத்தின் பற்று அட்டையாக இருந்திருந்தால்கூட, அந்தப் பெரிய கடைக்குப் பிடித்தம் அதிகபட்சம் ரூ.180, ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.212. ரூபே அட்டைக்கோ ஒரு காசும் இல்லை. விதியை எடுத்துச் சொன்ன பிறகு, "உங்களுக்காக விட்டுவிடுகிறோம்" என்றார் மேலாளர். சட்டம் தந்ததைச் சலுகையாகப் பெற்று வந்தேன்!

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. கடன் அட்டைகளுக்கு இங்கே உச்சவரம்பு இல்லை. ஏறத்தாழ 2 சதவீதம் போய்விடுகிறது. குறைந்த லாபத்தில் பொருள் விற்பவருக்கு அது பெருஞ்சுமை. 2017 ஜனவரியில் வங்கிகள் 1% கட்டணம் விதிக்க முற்பட்டபோது, அட்டைகளை ஏற்க மாட்டோம் என்று பெட்ரோல் விற்பனையாளர்கள் அறிவித்ததும், அம்முடிவு தள்ளிவைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.

கூடுதல் தொகை கேட்காத கடைகளில் அந்தச் செலவு எங்கே போகிறது? பொருளின் விலைக்குள் போகிறது. கடன் அட்டை வைத்திருப்பவருக்கு வெகுமதிப் புள்ளிகளும் விமான நிலையத்தில் ஓய்வறையும் கிடைக்கின்றன. அவற்றுக்கான பணத்தில் கணிசமான பகுதி வணிகரிடம் பிடித்த கட்டணத்திலிருந்து வருவது. அதே கடையில் ரொக்கம் கொடுத்து அதே விலைக்கு வாங்கும் கட்டடத் தொழிலாளியும் அதற்குப் பங்களிக்கிறார். அவருக்குப் புள்ளியும் இல்லை, ஓய்வறையும் இல்லை. ஏழையிடமிருந்து வசதி படைத்தவருக்கு நடக்கும் இந்தச் சத்தமில்லாத கைமாற்றம்தான் என்னை உறுத்துகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் சட்டம் இயற்றி, அட்டை வழங்கும் வங்கியின் பங்கைக் கடன் அட்டைக்கு 0.3%, பற்று அட்டைக்கு 0.2% என மட்டுப்படுத்தியது. நம் ரிசர்வ் வங்கியும் கடன் அட்டைக்கு வரம்பு விதிக்க வேண்டும். கட்டணத்தை அடியோடு நீக்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. யுபிஐ-க்குக் கட்டணத்தை நீக்கிவிட்டு, 2024-25 நிதியாண்டுக்கு மட்டும் ரூ.1,500 கோடி ஊக்கத்தொகையை அரசு ஒதுக்க நேர்ந்தது. அதுவும் வரிப்பணமே.

பற்று அட்டை விஷயத்தில் புதிய விதி தேவையில்லை. இருப்பதைச் செயல்படுத்தினால் போதும். கண்காணிக்க வேண்டிய வங்கிக்கோ, வணிகரைக் கண்டித்தால் அவர் வேறு வங்கியின் கருவிக்கு மாறிவிடுவார் என்ற தயக்கம். எனவே தொடக்கம் வாடிக்கையாளரிடமிருந்தே வர வேண்டியிருக்கிறது. கூடுதல் தொகை பெரும்பாலும் கடையின் ரசீதில் இடம்பெறாது. கருவியில் மட்டுமே சேர்த்து அழுத்துவார்கள். ரசீதில் ரூ.20,000, கருவி தரும் சீட்டில் ரூ.20,400. கருவி எந்த வங்கியுடையது என்பதும் வழக்கமாக அச்சீட்டிலேயே இருக்கும். இரண்டையும் இணைத்து அந்த வங்கிக்குப் புகார் அனுப்பலாம்.