புள்ளிகள் எங்கே போயின?

கடந்த தவணை முடிவில் பாடசாலைக் கணினியிலிருந்து புள்ளிக் கோப்பை பென் டிரைவில் பிரதி எடுத்தோம். வீட்டில் திறந்து பார்த்தால், கடைசியாகப் பதிந்த இரண்டு வகுப்புகளின் புள்ளிகள் இல்லை. மென்பொருளை மூடாமலேயே பிரதி எடுத்திருந்தோம்.

விஷயம் இதுதான். அந்த மென்பொருளுக்குள் இருப்பது எஸ்கியூலைட் தரவுத்தளம். அதை 'வால்' முறையில் வைத்தால், நாம் பதிவது முதலில் பக்கத்திலுள்ள 'வால்' என்ற பதிவுக் கோப்புக்குப் போகும். அது 1000 பக்கங்களை எட்டினால், அல்லது மென்பொருளை முறையாக மூடினால்தான் பிரதான கோப்புக்கு மாறும். ஒரு பக்கம் வழமையாக 4096 பைட். ஆக, சுமார் 4 மெகாபைட்.

பெரிய நிறுவனத்துக்கு அது சொற்பம். நமக்கோ பல நாள் வேலை அதற்குள் தங்கிவிடும்.

ஆகவே மென்பொருள் செய்து தருபவரிடம் நாம் கேட்கவேண்டும்: அந்த 1000ஐ 100 ஆக்குங்கள். மென்பொருள் திறக்கும் ஒவ்வொரு முறையும் இடவேண்டிய ஒரு வரிதான். வேகம் குறையும் என்பார்கள். கையால் புள்ளி பதியும் நமக்கு அது தெரியவே போவதில்லை.

நம் பக்கமும் இரண்டு கடமைகள். மூடிய பிறகே பிரதி எடுப்போம். 'வால்' கோப்பைக் குப்பையென்று அழிக்காதிருப்போம்.

பிள்ளைகளின் புள்ளி நம்மிடமுள்ள அமானிதம். உங்கள் பாடசாலையில் எப்படி? கொமென்டில் சொல்லுங்கள்.