முரசு யாருடையது? முதுகு யாருடையது?

பட்டாளத்துப் பாண்டு வாத்தியம் என்றாலே சில பெரிய மனிதர்களுக்கு மெய்சிலிர்த்து விடுகிறது. யுத்தகளத்தில் சிப்பாயின் சோர்வைப் போக்குவது அதுதானாம். நிறபேதத்தைக்கூட அது போக்கிவிடுமாம்! சோர்வைப் போக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாசிக்க வைத்தது யார்? வாசித்தவனுக்குக் கிடைத்தது என்ன? இதுவே நமது கேள்வி.

1916-ல் நியூயார்க்கில் கறுப்பு மக்களைக் கொண்டு ஒரு ரெஜிமெண்ட் அமைத்தார்கள். பின்னால் 369-வது ரெஜிமெண்ட் என்று பெயர் பெற்றது அதுதான். ஆள்சேர்ப்பு மந்தமாக இருந்தது. நல்ல பாண்டு முழங்கினால் ஆள் வரும் என்று கண்டார் கர்னல் ஹேவர்ட். பிரபல சங்கீத வித்வான் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பை அழைத்தார். டேனியல் ரீட் என்ற முதலாளி 10,000 டாலர் கொடுத்தார். முரசு முழங்கியது, ஆளும் வந்தது.

பிறகு நடந்தது என்ன? 1917-ல் நியூயார்க்கில் வெள்ளைப் பட்டாளத்துக்கு வழியனுப்பு ஊர்வலம். இவர்களுக்கு அதில் இடமில்லை. பிரான்ஸில் போய் இறங்கியதும் கையில் மண்வெட்டி! 1918 பிப்ரவரியில், விடுமுறையில் வந்த அமெரிக்க சிப்பாய்களைக் குஷிப்படுத்த பாண்டு மட்டும் எக்ஸ்-லே-பேன் நகருக்கு அனுப்பப்பட்டது. சங்கீதம் வேண்டும், சரிசமமாக நிற்கும் தோழன் வேண்டாம்! கடைசியில் ரெஜிமெண்டையே பிரெஞ்சு ராணுவத்திடம் ஒப்படைத்து விட்டார்கள். 191 நாட்கள் இவர்கள் போர்முனையில் நின்றார்கள். யூரோப் இயந்திரத் துப்பாக்கிப் படை அதிகாரியாகப் பதுங்குகுழியில் இருந்தார், விஷவாயுவுக்கும் ஆளானார். பிரெஞ்சு சர்க்கார் ரெஜிமெண்டுக்கு வீரப் பதக்கம் வழங்கியது.

1919 பிப்ரவரி 17-ல் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் அதே பாண்டு முழங்க அணிவகுத்து வந்தார்கள். ஊரே கைதட்டியது. அந்தக் கைதட்டல் எத்தனை மாதம் நின்றது? ஜூலையில் வாஷிங்டனிலும் சிக்காகோவிலும் வெள்ளை வெறியர்கள் கறுப்பு மக்களை வேட்டையாடினார்கள். சிக்காகோவில் மாண்டவர் 38 பேர். அதில் 23 பேர் கறுப்பர்கள். யுத்தத்திலிருந்து திரும்பிய கறுப்பு சிப்பாய்களும் அந்த ஆண்டு வெறியர் கையில் பலியானார்கள்.

நிறபேதம் போயிற்றா, கனவான்களே?

சங்கீதத்தை நாம் பழிக்கவில்லை. பிரெஞ்சு மக்கள் அந்த வாத்தியத்தைக் கேட்டு சொக்கிப் போனார்கள். அந்தப் பெருமை முழுவதும் வாசித்தவர்களுடையது. அதைக் காட்டி ஆள் பிடித்தவர்களுக்கு அதில் பங்கில்லை. முரசைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டும்!