பண்ணை மோட்டார் வண்டிகளுக்கு மாற்று உறுப்புகள் வாங்குதல்

ஆஸ்திரேலியாவிலும் நியூஜீலந்திலும் ஆட்டு மந்தையும் மாட்டு மந்தையும் வைத்திருக்கும் பண்ணைக்காரர்கள், குதிரைக்குப் பதிலாக மோட்டார் வண்டியிலேறி மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிவரத் தொடங்கி அநேக வருஷங்களாகின்றன. இவற்றுள் நான்கு சக்கரமுள்ள குவாட் வண்டிகள் கவிழ்ந்து உயிர்ச்சேதம் பல நேர்ந்தமையால், 2021-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய பண்ணைக் குவாட்டிலும் ஓட்டுபவனைக் காக்கும் வளைவு இருந்தே தீரவேண்டுமென்று அந்நாட்டுச் சர்க்கார் விதித்தனர். பெரிய உற்பத்தியாளர்கள் பலர் அதற்கு இணங்காது, அங்கே குவாட் விற்பதையே நிறுத்திவிட்டனர். ஆகவே கையிலுள்ள பழைய வண்டியை இன்னும் நெடுங்காலம் ஓட்டவேண்டிய குடியானவர்கள் அங்கு அநேகர். வண்டியின் ஆயுள் இனி மாற்று உறுப்பைப் பொறுத்தது. நம் ஜில்லாக்களில் குவாட் வண்டி அருமையே. எனினும் கீழே சொல்லப்படும் எண்களிற் சில நம் கிணற்றுப் பம்பு மோட்டாருக்கும் பொருந்துவன.

எந்நாட்டிலும் குடியானவரிடம் உள்ள வழக்கம் ஒன்றே. தேய்ந்த உறுப்பைக் கையிலெடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று, "இதைப் போல் ஒன்று கொடும்" என்பது. இவ்வழக்கம் முற்றிலும் தவறென்பதற்கில்லை. ஆயினும் அதனையே நம்புவது நஷ்டத்துக்கு வழி. முன்பு யாரோ மாட்டிய பொருந்தா உறுப்பே கையிலிருப்பதாகலாம். அப்படியாயின் பழைய பிழையே மறுபடியும் விலைக்கு வாங்கப்படுகிறது. வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட தொடரை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்வதே முதல் வேலை. வண்டி வாங்கிய வருஷமும் அதன் மாதிரி வருஷமும் வெவ்வேறாக இருப்பதுண்டு. ஒரே பெயருள்ள வண்டிக்கு இரண்டு வருஷத்தில் இரண்டுவித பிரேக் வந்திருப்பதுமுண்டு. அத்தொடரைக்கொண்டு உற்பத்தியாளரின் படப் புத்தகத்தில் உறுப்பின் எண்ணைக் கண்டுகொள்ளலாம். ஹோண்டா கம்பெனியின் எண்ணில் முதல் ஐந்து இலக்கம் உறுப்பின் வகையையும், நடுவிலுள்ள மூன்றும் அவ்வுறுப்பு முதன்முதல் எந்த மாதிரிக்கென்று செய்யப்பட்டதோ அதனையும் குறிக்கும். ஓர் உறுப்பு பல மாதிரிகளுக்குப் பொதுவாயிருப்பது இதனால் வெளியாகும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவரிடம் வேறு மாதிரி வண்டியிலிருந்து தயக்கமின்றி வாங்கவும் இது துணை செய்யும்.

பெயர்பெற்ற வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வந்ததே நல்லதென்ற எண்ணம் பேரிங்கு விஷயத்தில் வீண் செலவு. வண்டி செய்வோர் பேரிங்கைப் பெரும்பாலும் தாமே செய்வதில்லை. அதற்கென்றே உள்ள கம்பெனிகளிடம் வாங்குகின்றனர். 6204 என்ற எண் எங்கே பொறித்திருப்பினும் உட்துளை 20 மில்லிமீட்டர், வெளி விட்டம் 47, அகலம் 14. எண்ணின் பின்வரும் எழுத்துகளைத்தான் ஜாக்கிரதையாய்ப் பார்க்கவேண்டும். இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதை ஒரு கம்பெனி 2ஆர்எஸ் என்றும், மற்றொன்று டிடியூ என்றும் குறிக்கும். இஸட்இஸட் என்பது தகர மூடி; சேற்றிலும் ஓடையிலும் இறங்கும் சக்கரத்துக்கு அது உதவாது. எண் சரியென்று இதனை வாங்கிப்போட்டுச் சில வாரங்களில் நீர் புகுந்து பேரிங்கு இறுகியபின், எண்ணின்மேல் பழி போடுவோர் உண்டு. இங்ஙனம் அறிந்து வாங்கும் பேரிங்கு பேரிங்குக் கடையில் கிடைப்பதே போதும். ஆனால் பெயர்பெற்ற முத்திரையோடு பாதி விலைக்குக் கிடைப்பதைத் தொடாதிருப்பது நலம். போலிச் சரக்கு வருவது அவ்வழியிலேதான்.

செயினில் ஏமாறுவது இன்னும் எளிது. 520 என்பதும் 530 என்பதும் கண்ணி இடைத்தூரத்தில் ஒன்றே, அதாவது 5/8 அங்குலம். உள்ளகலம் முன்னதில் 1/4 அங்குலம், பின்னதில் 3/8 அங்குலம். புதிய 520 செயினில் 20 கண்ணி இடைத்தூரம் 317.5 மில்லிமீட்டர். வண்டிப் புத்தகம் காட்டும் எல்லைக்கு மேல் அது நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றுவது அற்பச் சிக்கனம். கொக்கிபோல் வளைந்த பழைய பற்சக்கரங்கள் புதுச் செயினை விரைவில் தின்றுவிடும். மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஸ்பார்க் பிளக்கிலோ, என்.ஜி.கே. எண் ஏற ஏறக் குளிர்ந்த வகை, பாஷ் எண் ஏற ஏறச் சூடான வகை. ஒன்றின் எண்ணைச் சொல்லி மற்றொன்றை வாங்குவதால் விளையும் கேடு என்ஜினில் தெரியும்.

உயிரோடு சம்பந்தப்பட்டது டயர். 25×8-12 என்றால் மொத்த உயரம் 25 அங்குலம், அகலம் 8, உள்வளையம் 12. கல்லில் வயிறு தட்டாதிருக்க 27 அங்குல டயரை மாட்டிக்கொள்ளும் ஆசை அநேகருக்குண்டு. அதனால் அச்சு ஓர் அங்குலம் உயர்கிறது. வண்டியின் பாரமும் அவ்வளவு மேலேறுகிறது. பிரேக்கின் பிடியும் குறைகிறது. சரிவில் கவிழ்வதைத் தடுக்கவென்றே ஒரு தேசம் சட்டம் செய்திருக்க, கவிழும் குணத்தைக் காசு கொடுத்து வாங்குவது எந்த விவேகமோ தெரியவில்லை! நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் டயர் மட்டும் உயரம் மாறினால் பல்லிணைப்புகளும் கெடும். இவ்வகை டயர்களுக்குக் காற்று பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 5 ராத்தல் அளவே; கார் டயருக்குரிய அளவுமானி அவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாய்க் காட்டாது. அதற்கென்று தனி மானி வாங்கவேண்டும். பிரேக் கட்டையில், சேற்றுநிலத்துக்கு உலோகப் பொடியை உருக்கி இறுக்கிய வகை நீடிக்கும். மிருதுவான வகை நீரும் மணலும் பட்டு விரைவில் தேயும். இவ்விரண்டிலும் விலையைக் கடைசியில் கேட்பதே தகும்.

விற்பனை நின்ற வண்டிக்கு உறுப்புகளை முன்கூட்டிச் சேமிக்க விரும்புவோர், பெட்டி பிரிக்காத பேரிங்கு, பற்சக்கரம், பிஸ்டன் வளையம் ஆகியவற்றை எண்ணெய்த்தாளில் சுற்றி வைக்கலாம். பிரேக் குழாய், கார்புரேட்டர்த் தோல், அச்சு மூடும் ரப்பர் உறை முதலியன கிடங்கிலிருந்தபடியே வெடித்துப்போகும். அவற்றை இரண்டொரு வருஷத் தேவைக்கு மேல் வாங்கவேண்டாம்.