முகவரி பொறித்த துண்டறிக்கை

இங்கிலாந்தில் தன்பாலீர்ப்பினர் உரிமை பெற்ற வரலாற்றைக் கூறுவோர், 1957இல் வெளியான வுல்ஃபெண்டன் அறிக்கையில் தொடங்கி 1967ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடித்துவிடுகின்றனர். எல்லாம் இலண்டனிலே நடந்தனபோலும்! யான் இதனை ஒப்புவதில்லை. லங்காஷயரிலே நிலக்கரிச் சுரங்க ஊரொன்றில் வாழ்ந்த அலன் ஹோர்ஸ்போலை (1927–2012) விடுத்து அவ்வரலாற்றை எழுதுதல் தகாது.

அவர் நெல்சன் நகரசபையில் தொழிற்கட்சி உறுப்பினராயிருந்தவர். பின்னர் நிலக்கரிச் சபை ஊழியர். சட்டத்தைத் திருத்தினால் சுரங்கத் தொகுதி மக்கள் பொறார், வாக்கை இழப்போம் என்பது அக்காலக் கட்சியினர் கூறிய சாட்டு. 'பாமரர் பொறார்' என்று கற்றோர் கூறுந்தோறும் எனக்கு ஓர் ஐயம் எழும். பாமரரை எவர் கேட்டனர்? ஹோர்ஸ்போல் கேட்டார். 1964இல் வடமேற்குப் பகுதிக்கெனச் சட்டத் திருத்தக் குழுவொன்றை அமைத்துத் துண்டறிக்கை அச்சிட்டபோது, அதர்ட்டனில் தாம் குடியிருந்த வீட்டின் முகவரியையே அதிற் பொறித்தார். வீடோ நிலக்கரிச் சபைக்குரியது. ஆடவர் இருவரின் உறவு குற்றமாயிருந்த காலம். வேலையும் குடியிருப்பும் ஒருங்கே பறிபோயிருக்கலாம். உள்ளூர்ப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. சாளரத்திற் கல் விழவில்லை.

1967ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயது நிரம்பிய இருவர் தனிமையிற் கூடுவதை மட்டுமே குற்றத்தினின்றும் நீக்கியது. அதே இடத்தில் மூன்றாமவர் ஒருவர் இருப்பின் அது தனிமையன்று. ஸ்கொத்லாந்து 1980 வரையும் வட அயர்லாந்து 1982 வரையும் காத்திருந்தன. 'கருமம் முடிந்தது' என்று பலர் கலைந்தனர், அவர் கலையவில்லை. தொழிலாளர் மன்றங்கள்போலத் தன்பாலீர்ப்பினர்க்கும் ஒன்றுகூடும் மன்றங்கள் வேண்டுமென்றார். 1971இல் பேர்ன்லி நூலகத்திற் பொதுக்கூட்டமே நடந்தது. எனினும் மன்றம் அங்குத் திறக்கப்படவில்லை. அதே பேர்ன்லியில் 1978இல் பெண் பேருந்துச் சாரதி ஒருவர், தம்மைப் போன்றோரின் விடுதலையைக் கூறும் சின்னத்தைக் கழற்ற மறுத்தமையால் வேலையிழந்தார்.

இது நமக்கெதற்கு எனச் சிலர் வினவலாம். நம் தண்டனைச் சட்டக்கோவை ஆங்கிலேயர் 1883இல் இயற்றியது. தந்தவர் தம் நாட்டிற் கைவிட்ட பின்னர், 1995இல் நாம் அச்சட்டத்தை நீட்டிப் பெண்களையும் அகப்படுத்தினோம். அதனை நம் பண்பாடு என்போர் ஆண்டைக் கவனிப்பாராக. நீக்குதற்கான மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

மாணவர்க்கு ஒன்று. இவர்களைக் குறிக்க நம் பேச்சிலே வசைச்சொற்களே மலிந்துள்ளன. 'தன்பாலீர்ப்பு' வழுவற்ற சொல். கட்டுரையில் அதனையே எழுதுக.