ஏற்றுமதி ரகம்

நம் ஜனங்களுக்கு வெளிநாட்டுச் சாமான் என்றால் ஒரு தனி மோகம் என்று சொல்லிக் கேலி செய்வது பழைய வழக்கம். பர்மா பஜாரில் ஒரு சென்ட் புட்டியையும் ஒரு டார்ச் லைட்டையும் பேரம் பேசி வாங்கி, "ஃபாரின்" என்று ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்த தலைமுறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்து நம் பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். மேடைப் பிரசங்கிகள் இடித்துரைத்தார்கள். சுதேசிப் பற்று இல்லாத அற்ப ஆசை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கேலி இனிச் செல்லாது என்பது என் கட்சி. மோகம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சாமான் மாறிவிட்டது. இப்போது நாம் ஏங்குகிற வெளிநாட்டுச் சாமான் நம் ஊரிலேயே, நம் பிள்ளைகளின் கையாலேயே தயாராகிறது. நமக்குக் கிடைக்காததால்தான் அது வெளிநாட்டுச் சாமான்.

மோட்டார்ப் பைத்தியம் என்று ஒரு வகைப் பைத்தியம் உண்டு. என் சகோதரி மகனுக்கு அது முற்றிய நிலையில் இருக்கிறது. சங்கீதப் பித்தர்கள் ராகங்களின் பெயரை உச்சரிப்பதுபோல அவன் கார்களின் பெயரை உச்சரிப்பான். ஒரு நாள் வந்து, ஏதோ கல்யாணம் நின்றுபோன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா, மூணு கதவு ஜிம்னின்னு ஒரு வண்டி. நம்ம நாட்டுலதான் பண்றான். நமக்குத் தர மாட்டேங்கறான்."

"யாருக்குத் தருகிறானாம்?"

"தென் அமெரிக்காவுக்கு, அரபு நாட்டுக்கு, ஆப்பிரிக்காவுக்கு. நாம மட்டும் படத்துல பாத்துக்கணும்."

விசாரித்தேன். பையன் சொன்னது வாஸ்தவம். மாருதி கம்பெனி 2021 ஜனவரியிலிருந்து அந்த வண்டியை நம் தேசத்திலே செய்து கப்பலேற்றுகிறது. 2023-ல் அதன் ஐந்து கதவுத் தம்பியை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று கதவு அண்ணனுக்கு மட்டும் சொந்த ஊரில் இடமில்லை.

"போகட்டும், இரண்டு கதவு அதிகமாகத்தானே கொடுத்திருக்கிறார்கள்" என்று நான் சமாதானம் சொன்னேன். அவன் சமாதானம் ஆகவில்லை. அவனுடைய துக்கத்தைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அந்தத் துக்கத்துக்குள்ளே ஒரு நியாயமான கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் குர்காவுன் வரை போக வேண்டியதில்லை. ராயபுரத்தைத் தாண்டி எண்ணூர் வரை போனால் போதும்.

எண்ணூருக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு சுதந்திரத்துக்கு ஒரு வயசு ஆனபோதே தொடங்கிவிட்டது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. 1949-ல், சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை எண்ணூரில் பூட்டி, ஆஸ்டின் ஏ40 என்ற காரை வெளியே விட்டார்கள். பிறகு அதே ஸ்தாபனம் லேலண்டோடு சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, லாரி பஸ் பக்கம் போய்விட்டது. அதே 1955-ல்தான் பக்கத்திலே திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட்டும் குடிவந்தது. சீமைத் தாய்க் கம்பெனி மூடிப்போன பிறகும் திருவொற்றியூர்க் குழந்தை பிழைத்துக்கொண்டு, 1977-ல் பிறந்த வீட்டுக்கே வண்டி அனுப்பத் தொடங்கியது. கேட்கக் காது குளிர்கிற கதை.

அன்று காரின் எலும்புகள் கப்பலிலிருந்து இறங்கி எண்ணூருக்கு வந்தன. இன்று முழுக் கார் எண்ணூருக்கு வந்து கப்பலில் ஏறுகிறது. அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காக 2001-ல் திறந்த துறைமுகம் அது. 2014-ல் காமராஜர் பெயரைச் சூட்டினார்கள். 2010-லிருந்து ஒரகடத்து நிஸான் கார்கள் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கின. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கார்கள் சென்னைத் துறைமுகத்தின் வழியாக அதற்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருக்கின்றன. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலை, எக்கோஸ்போர்ட் என்ற காரை அமெரிக்காவுக்கே அனுப்பியது. 2018-ல் அங்கே விற்பனைக்கு வந்த அந்த வண்டியில் இரண்டு லிட்டர் எஞ்சினும், நான்கு சக்கரத்துக்கும் விசை பாயும் ஏற்பாடும் உண்டு. அதே கூரையின் கீழே செய்து செங்கற்பட்டு ஜில்லாவிலே விற்ற எக்கோஸ்போர்ட்டில் அந்த ஏற்பாடு கிடையாது. 2021-ல் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலை நகர்க் கதவைச் சாத்தியது. 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்கு ஒரு கடிதம் எழுதியது: தொழிற்சாலையை மறுபடியும் உபயோகிக்க விருப்பம், ஆனால் ஏற்றுமதிக்காக. சமையல் நம் வீட்டில், பந்தி வேறு வீட்டில்!

எஞ்சின் பெரிதா சிறிதா, கதவு மூன்றா ஐந்தா என்பதோடு விஷயம் முடிந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அவையெல்லாம் ருசி பேதம். காபியில் சிக்கரி கலப்பதா கூடாதா என்பது போன்ற விவகாரம். உயிர் சம்பந்தப்பட்ட பேதம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஹூண்டாய் ஐ10 என்ற சிறிய கார் 2007-ல் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் செய்து உலகமெல்லாம் விற்றார்கள். ஐரோப்பாவில் புதுக் கார்களைச் சுவரில் மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற அமைப்பு ஒன்று உண்டு. 2008-ல் அது ஐ10 காருக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் வழங்கியது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற இன்னோர் அமைப்பு, இந்தியாவில் விற்கிற ஐந்து சிறு கார்களை எடுத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. ஆல்டோ, நானோ, ஃபிகோ, போலோ, ஐ10. ஐந்துக்கும் பூஜ்யம். இரண்டு சோதனைகளின் அளவுகோலும் ஒன்றல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இங்கே மோதிப் பார்த்தது காற்றுப்பை இல்லாத, விலை மலிவான ரகம் என்பதும் உண்மைதான். காசு அதிகம் கொடுத்தவர்களுக்குக் காற்றுப்பை வைத்த ஐ10 இங்கேயும் கிடைத்தது. ஆனால் இந்தச் சமாதானத்தையே சற்றுத் திருப்பிப் பாருங்கள். நம் ஊர் ரகத்தில் உயிர் காக்கும் பை என்பது, தோல் மெத்தையையும் பாட்டுப் பெட்டியையும் போல, பணம் படைத்தவர் கேட்டு வாங்குகிற அலங்காரமாக இருந்தது என்றுதானே அர்த்தம்?

அதே 2014 நவம்பரில் டாட்ஸன் கோ என்ற வண்டியையும் மோதினார்கள். ஒரகடத்துச் சரக்கு. அதற்கும் பூஜ்யம். அந்த வண்டியைச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ள வேண்டும் என்று சோதித்தவர்கள் நிஸானுக்குக் கடிதம் எழுதினார்கள்.

கம்பெனிக்காரர்கள் இதற்குச் சொல்கிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "இந்திய வாடிக்கையாளர் விலை பார்க்கிறவர். பாதுகாப்புக்குக் காசு கொடுக்க மாட்டார்." இந்த வாக்கியத்தில் ஒரு மரியாதைக் குறைவு இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. விலை பார்க்காத வாடிக்கையாளர் எந்தத் தேசத்தில் இருக்கிறார்? ஜெர்மனியில் சிறிய கார் வாங்குகிற குடியானவன் விலை பார்க்காமலா வாங்குகிறான்? வித்தியாசம் வாடிக்கையாளரிடம் இல்லை, சட்டத்தில் இருந்தது. ஐரோப்பாவில் சறுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். இங்கே ஓட்டுகிறவருக்கு ஒரே ஒரு காற்றுப்பை கட்டாயமாவதற்கு 2019 ஜூலை ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு ஒன்று வேண்டும் என்று தீர்மானித்து, எல்லாக் கார்களிலும் அது வந்து சேர 2021 டிசம்பர் முடிந்துவிட்டது. அதனால் எந்தத் தொழிற்சாலையாவது மூடிப்போயிற்றா? கார் வாங்குகிறவர்கள் எல்லாரும் மாட்டு வண்டிக்குத் திரும்பிவிட்டார்களா?

முடியாது என்று சொன்னவர்கள் நடுவிலே முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. அந்த 2014 சோதனையிலே பூஜ்யம் வாங்கிய போலோவை, ஃபோக்ஸ்வாகன் கம்பெனி இரண்டு காற்றுப்பைகளோடு மறுபடியும் மோதக் கொடுத்தது. நான்கு நட்சத்திரம் கிடைத்தது. காற்றுப்பை இல்லாத போலோவை விற்பதையும் நிறுத்தியது. ஆகவே கெட்டிக்காரத்தனம் இருந்தது, இரும்பு இருந்தது, தொழிலாளி இருந்தான். இல்லாதது மனசுதான்.

நம்மையும் நான் விட்டுவிடப்போவதில்லை. இந்தப் புத்தகத்தைச் சாய்வு நாற்காலியில் படித்துக்கொண்டிருக்கும் நம் மத்தியதர வர்க்கத்துக்கு, முதல் தரம் பிறத்தியாருக்கு, மிச்சம் நமக்கு என்பது பழகிப்போன நியாயம். காசிமேட்டில் இறங்குகிற நல்ல இறால் ஐஸ் பெட்டிக்குள் ஏறிக் கடல் கடக்கிறது. நாம் மிச்சத்துக்குப் பேரம் பேசுகிறோம். திருப்பூரில் தைத்த சட்டையை நடைபாதையில் வாங்கும்போது, "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்" என்று கடைக்காரன் சொன்னால் நம் முகம் மலர்கிறது! வெள்ளைக்காரன் வேண்டாமென்று தள்ளியது என்பதை ஒரு யோக்கியதாபத்திரமாக எடுத்துக்கொள்கிற ஜாதி உலகத்தில் வேறு எங்காவது உண்டா? கார்க் கடைக்குப் போனாலும் நாம் கேட்கிற முதல் கேள்வி, கூரையில் கண்ணாடி ஜன்னல் உண்டா என்பது. வெயில் மண்டையைப் பிளக்கிற சென்னையிலே, கூரையைத் திறந்துகொண்டு எந்த நிலவைப் பார்க்கப்போகிறோம்? மோதினால் என்ன ஆகும் என்று கேட்டால், "நல்லதே நினையுங்க சார்" என்று ஒரு விற்பனைப் பிள்ளை எனக்கே உபதேசம் செய்தான். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். எல்லாக் கடையிலும் அந்தப் பிள்ளை இருக்கிறான்.

தேசபக்தர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: "ஏற்றுமதியால் அன்னியச் செலாவணி வருகிறது, வேலை வருகிறது. அதைப் போய்க் குறை சொல்லலாமா?" ஏற்றுமதியை நான் குறை சொல்லவில்லை. கப்பல் நிறைந்து போகட்டும். நம் ஊர்ப் பிள்ளை முடுக்கிய திருகாணி லண்டன் வீதியில் ஓடுவது எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தத் திருகாணியை அவ்வளவு சிரத்தையாக முடுக்கத் தெரிந்த பிள்ளை, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அதே சிரத்தைக்குப் பாத்திரமானவனா இல்லையா என்பதுதான் கேள்வி. இது பொருளாதாரக் கேள்வி அல்ல, மானக் கேள்வி.

கார் வாங்க வசதி இல்லாதவருக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அதற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையே பதில் சொல்லும். ராயபுரத்து ஜீரோ கேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, அவற்றுக்கு இடையில் புகுந்து பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளையும், மீன் கூடையோடு நடக்கிற பெண்களையும் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பியச் சோதனையில், காருக்குள் இருப்பவர் என்ன ஆனார் என்பதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை. கார் மோதினால் நடந்துபோகிறவர் என்ன ஆவார் என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. மூக்கின் வளைவையும் பானெட்டின் மென்மையையும் அதற்காகவே திருத்துகிறார்கள். 2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்பது சர்க்கார் கணக்கு. அதில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெறுங்காலோ செருப்போ நடந்துகொண்டிருந்தவர்கள். ஆகவே நல்ல கார் வேண்டும் என்ற வழக்கில் கார் இல்லாதவனும் ஒரு வாதி.

காலம் மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. 2023 அக்டோபரிலிருந்து நம் சர்க்காரே பாரத் என்கேப் என்று ஒரு மோதல் சோதனையை நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் அதற்குக் காரைக் கொடுப்பதும் கொடுக்காததும் கம்பெனியின் இஷ்டம். ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொல்லி, ஒரு வருஷம் தள்ளிவைத்து, 2023-ல் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். பரீட்சைக்கு வருவது மாணவன் இஷ்டம் என்றால், கெட்டிக்காரன்தான் வருவான்.

என்னுடைய யோசனை மிகவும் சிறியது, செலவில்லாதது. ஒரே தொழிற்சாலையில் செய்து ஒரே பெயரில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் விற்கிற ஒவ்வொரு காருக்கும், இங்கே கடையில் தருகிற விலைப் பட்டியலிலே, தடித்த எழுத்தில், தமிழிலே ஒரு பத்தி அச்சிட வேண்டும்: "கப்பலில் போகிற வண்டியில் இருப்பவை, உங்கள் வண்டியில் இல்லாதவை." அவ்வளவுதான். காற்றுப்பை எத்தனை, இரும்பின் கனம் என்ன, சறுக்கல் தடுப்பு உண்டா, எல்லாம் வரிசையாக. மருந்துப் புட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதச் சொல்கிற சட்டம், மனிதர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிற இரும்புப் பெட்டிக்கு இதைச் சொல்லக் கூடாதா?

அந்தப் பத்தியைப் படித்த பிறகும் ஒருவர் கூரைக் கண்ணாடிதான் வேண்டும் என்றால் வாங்கிக்கொண்டு போகட்டும். அது அவருடைய சுதந்திரம். ஆனால் மாசம் மாசம் தவணை கட்டி, குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நான்கு சக்கரத்தின் கீழும் வைத்து ஏற்றிக் குடும்பத்தோடு புறப்படுகிற மனிதருக்கு, தாம் வாங்கியது முதல் தரமா, மிச்சமா என்று தெரிந்திருக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தால் ஆகக்கூடியதை அது செய்யட்டும். மற்றதைத் தொழிற்சாலை செய்யட்டும்.