மறைக்காட்டு உப்பு

கொங்கு நாட்டாருக்கு மலைக்குப் பஞ்சமில்லை. கடல் ஒன்றுதான் கிடையாது. ஆகவே, சென்ற மாசியில் நண்பர்கள் மூவர், "இரண்டு நாள் கடற்காற்று வாங்கி வருவோம்" என்று ஆரம்பித்ததும் நாமும் மூட்டை கட்டிவிட்டோம். கோயமுத்தூரிலிருந்து தஞ்சாவூர் வரையில் ரயில். அப்பால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி மார்க்கமாக மோட்டார். அந்தி சாயும் வேளையில் வேதாரணியம் சேர்ந்து, அப்பர் பாடித் திறந்ததாகச் சொல்லும் கதவைத் தரிசித்தோம்.

மறுநாள் விடியுமுன் கோடிக்கரை. 1967 முதல் சரணாலயமாக இருந்துவரும் அந்தக் காட்டில், முறுக்கிய கொம்புகளுடன் வெளிமான்கள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மேய்ச்சல் நிலத்தைச் சீமைக் கருவேல் கவ்விக்கொண்டு வருவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. உப்பங்கழியில் பூநாரைகள் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகையே சல்லடையாக்கிச் சேற்று நீரை வடிகட்டின. பிறகு வழிகாட்டி எம்மை 'ராமர் பாதம்' என்ற மணல் மேட்டுக்கு அழைத்துச் சென்று, "இதுதாங்க எங்க மலை!" என்றார். வெள்ளியங்கிரி ஏறிய நண்பர் ஒருவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக ஸ்தூபியின் முன் வண்டியை நிறுத்தினோம். சேலத்து வக்கீலாக இருந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, 28-ஆம் தேதி வேதாரணியம் வந்து, 30-ஆம் தேதி உப்பை அள்ளிக் கைதானார். வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர். கடலில்லாவிட்டாலும் இதில் நம் பக்கத்துக்குப் பங்கு உண்டு என்று சற்றே கர்வம் கொண்டோம். ஆனால் தொண்டர்களுக்குச் சோறிட்டால் தண்டனை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் மிரட்டியபோது, மரக்கிளைகளில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டவர்கள் அவ்வூர் ஜனங்கள். முகத்துக்குச் சொந்தக்காரன் போலீஸ்காரன் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிச் சிறை சென்ற வைரப்பனும் அவ்வூர்க்காரர்தான். எமது கர்வம் அங்கேயே இறங்கிற்று.

ஸ்தூபிக்கு அப்பால் உப்பளம். வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசச் செய்தன. வெறுங்காலுடன் உப்பு வாரிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி, நாம் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு, "என்னங்க ஐயா, உங்க ஊர்ல உப்பே கிடையாதா?" என்றாள்.

"இருக்குதுங்க ஆத்தா, கடையிலே பொட்டலத்திலே இருக்குதுங்க!" என்றார் நண்பர்.

அவள் சிரித்தாள். "பொட்டலத்திலே காலு தெரியாதுல்ல?" என்று பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். வெடித்த இடமெல்லாம் உப்பு ஏறி வெளுத்திருந்தது. ரப்பர் ஜோடு போடலாகாதா என்று கேட்டோம். போட்டால் சேற்றில் நடை வராதாம். வாங்கவும் கூலி காணாதாம். உப்பு வரி 1947-ல் ஒழிந்தது. அந்தக் காலின் கணக்கை யார் எப்பொழுது எடுக்கப்போகிறார்கள்? சட்டசபைக்குப் போகிறவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஜோடில்லாமல் அந்தப் பாத்தியில் நின்று பார்க்கட்டும்.

புறப்படும்போது அவளே ஒரு பிடி உப்பை நண்பரின் துண்டில் முடிந்துவிட்டாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். ஊர் வந்து சேர்வதற்குள் முடிச்சு ஈரம் கசிந்திருந்தது. நண்பர் அதைக் கண்ணாடிக் குப்பியில் வைத்துக் கூடத்தில் எல்லோருக்கும் காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் வீட்டம்மாள் அதை மாவடு ஜாடியில் கொட்டிக் குலுக்கிவிட்டார்.